சக்கரத்தை நக்கிப் பார்த்தவர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓடிய கார்களில் பாதி, நாக்கண்ணன் நக்கிப் பார்த்தவை. மீதிப் பாதி, அவர் கண்ணில் படாமல் வேறு ரோட்டில் தப்பிப் போனவை.

நான் சொல்வதில் மிகை கொஞ்சம்தான். திங்கள்சந்தையிலிருந்து கடியப்பட்டணம் போகிற ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கார்களின் அலாய் சக்கரங்களைப் பழையபடி புதுசாக்கித் தருவதுதான் அங்கே தொழில். அதன் முதலாளி, தொழிலாளி, விளம்பரப் பலகை எல்லாம் நாக்கண்ணன் ஒருவரே. அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அலாய் சக்கரம் வைத்திருக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அந்தச் சக்கரத்தின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். கிளியர் என்போம். சக்கரத்தைக் காப்பாற்றுவது அதுதான். ஒரு சின்னக் கல் தெறித்து அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், கடல்காற்று அந்த வழியாக உப்பை உள்ளே அனுப்பிவிடும். பிறகு பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடு ஓடும். கோடு கொப்புளமாகும். கொப்புளம் தோலாக உரியும். எங்கள் பக்கத்து ரோட்டில் காற்று மட்டும் உப்பில்லை. முன்னால் போகிற மீன் லாரி, ஐஸ் உருகிய தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். பின்னால் வருகிற கார்களெல்லாம் அதில் கால் நனைத்துத்தான் ஊர் வந்து சேரும்.

பழைய பூச்சை மருந்து போட்டு உரிக்க வேண்டும். அலச வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழிகளில் பட்டி வைத்து, வெள்ளி நிறம் அடித்து, மேலே புதுக் கிளியர் அடிக்க வேண்டும். இதை எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். நாக்கண்ணன் மட்டும் வர்ணம் அடிப்பதற்கு முன்னால் சக்கரத்தைத் தூக்கி, நட்டு மாட்டுகிற குழிக்குள் நாக்கை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"உப்பு கெடக்கு. இன்னொருக்கா அலசு."

உப்பு உள்ளே இருக்கும்போது மேலே பூசினால், பூச்சு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் உரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அதில் தப்பில்லை. எச்சில் மேல் வர்ணம் நிற்குமா என்று கேட்டவர்களும் உண்டு. "எச்சில் துடைச்சா போவும். உப்பு துடைச்சா போவுமாடே?" என்பார். நக்கிய இடத்தை மறுபடி அலசி, தின்னர் போட்டுத் துடைத்துவிடுவார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டினேன். கேரளத்தில் ஓட்டுச் சூளையில் மண் மிதித்தேன். மும்பையில் சலவைக் கடை ஒன்றில் மற்றவர்களின் சட்டைக்கு மடிப்புப் பிடித்தேன். எங்கேயும் இரண்டு மழைக்காலம் தாங்கியதில்லை. சுனாமி வந்துபோன மறு வருடம் ஊர் திரும்பியபோது எனக்கு முப்பதை நெருங்கியிருந்தது. கையில் ஒரு பை. அதில் வேறொருவர் வாங்காமல் விட்டுப் போன சட்டை. நாக்கண்ணன் கொட்டகையில் படுக்க இடமும் மத்தியானச் சோறும் கிடைக்கும் என்றார்கள். அப்போது எனக்கு அது பெரிய உத்தியோகம்.

நேர்முகத் தேர்வு இப்படி நடந்தது.

"பீடி குடிப்பியா?"

"குடிப்பேன் அண்ணே."

"வெத்தில?"

"போயிலையோட."

"அப்போ ஒனக்க நாக்கு செத்துப் போச்சு. கொள்ளாம். நாக்கு இல்லாதவன்தான் எனக்கு வேணும். ஒரு கொட்டகைக்கு ஒரு நாக்கு போரும், கேட்டியா?"

அந்த ஒரு நாக்குக்கு அவர் செய்த உபசாரத்தைக் கோயில் சிலைக்குக்கூடச் செய்வார்களா என்று தெரியாது. காலையில் தென்னை ஈர்க்கிலைப் பிளந்து அரைமணி நேரம் நாக்கை வழிப்பார். ஆறாத சாயாவைத் தொட மாட்டார். மிளகாய் கிடையாது. ஊறுகாய் கிடையாது. தெருவெல்லாம் மீன் குழம்பு மணக்கிற எங்கள் பக்கத்தில், வெறுஞ்சோற்றில் மோரை ஊற்றி, கையில் ஒரு பழத்தோடு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்கள் வயிற்றுவலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாக்கை வைத்து ஊர் சொல்லுவேன் என்பதும் அவருடைய வீம்புகளில் ஒன்று. இனயத்து உப்பில் லேசான கசப்பு உண்டாம். கடியப்பட்டணத்து உப்பு காரமாம். ஒருநாள் சாயாக்கடையில் கூடுகிறவர்கள் சேர்ந்து இனயத்திலிருந்து ஒரு சக்கரமும் கடியப்பட்டணத்திலிருந்து ஒரு சக்கரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரைக் கூட்டிவந்தார்கள். நாக்கண்ணன் இரண்டையும் நக்கினார். "இது இனயம். இது கடியப்பட்டணம்" என்றார். சரியா தப்பா என்று இன்றுவரை தெரியாது. கொண்டுவந்தவர்களுக்கே எது எது என்று மறந்துபோயிருந்தது. ஆனால் அன்று சாயாவுக்குக் காசு கொடுத்தது அவர்கள்தான்.

கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை காரை நிறுத்தி நக்கியிருக்கிறார். பன்னீர்ச் செம்போடு பெண்கள் காத்து நிற்க, இவர் எழுந்து மாப்பிள்ளையிடம், "வண்டி எங்கேருந்து எடுத்தீரு? நல்லா விசாரிச்சீரா?" என்று கேட்டார். கேட்டது வண்டியைப் பற்றித்தான். பெண் வீட்டார் அரைமணி நேரம் கலங்கிப்போனார்கள்.

இன்னொரு நாள், கீரிப்பாறை இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்த கார் ஒன்று நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவர் கதவைத் திறப்பதற்குள் நாக்கண்ணன் குனிந்துவிட்டார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு சில நாள் அவர் பேசவில்லை. ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி, அந்த அமைதியைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அலசுகிற தண்ணீரிலும் அவருக்குப் பிடிவாதம். கொட்டகைக் கிணறு உவர்ப்பு. சானல் வாய்க்கால் தண்ணீரில் வயல்காரன் உரம் போடுகிறானாம். மழைத் தண்ணீர் தகரத்தில் பட்டு வருகிறதாம். கடைசியில் கீரிப்பாறை ஓடைத் தண்ணீர்தான் சுத்தம் என்று தீர்ப்பாயிற்று. நான் கேன்களோடு எஸ்டேட் பஸ்ஸில் ஏறினேன். திரும்பும்போது எஸ்டேட் காவலாளி பிடித்துக்கொண்டார்.

"ரப்பர் பாலு கடத்துகியாலே?"

"வெள்ளம் அண்ணாச்சி. ஓடத் தண்ணி."

மூடியைத் திறந்து மோந்தார். விரலை விட்டுப் பார்த்தார். நான் சொன்ன உண்மை அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஒங்க ஊருல வெள்ளம் இல்லியா?"

"உண்டு. காருக்கு ஒத்துக்கிடாது."

அவர் மூடியைத் திருகி என் கையில் தந்தார். பிறகு பஸ்ஸை நோக்கிக் கையைக் காட்டினார். திருடனைவிடக் கிறுக்கனை விடுவது சுலபம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு மழைக்காலம் கொசுக்காய்ச்சலைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நாக்கண்ணனும் கட்டிலில் விழுந்தார். எழுந்தபோது ஆள் பாதியாக இருந்தார். சத்தம் மட்டும் முழுசாக இருந்தது. எழுந்த அன்றுதான் பிரகாசியக்கா வந்தாள்.

பிரகாசியக்கா கடியப்பட்டணத்துக்காரி. கருவாட்டு வியாபாரம். கணவர் சவுதியில். போன லீவில் அவர் ஒரு கார் வாங்கி, ஆசைப்பட்டு அலாய் சக்கரம் மாட்டி, மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார். அக்காவின் தம்பி அந்தக் காரை ஓட்டிவந்து நிறுத்தினான். நாலு சக்கரமும் தோலுரிந்து நின்றன. கதவைத் திறந்ததும் மணம் சொன்னது, மீதிக் கதை முழுவதையும்.

"அண்ணே, கிறிஸ்மசுக்கு அவிய வாறாவ" என்றாள் அக்கா. "வண்டிய தொடப்பிடாதுண்ணு சொல்லிட்டு போனாவ. நான் சந்தைக்கு கருவாடு கொண்டு போனேன்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ போனா சக்கரம் இப்பிடி ஆவுமா?"

நாக்கண்ணன் சக்கரத்தைச் சுற்றி நடந்தார். "நாத்தம்?"

"நாத்தத்துக்கு சாம்பிராணி உண்டு, மல்லிப்பூ உண்டு. அத நான் பாத்துக்கிடுகேன். அவிய வண்டியில சக்கரத்ததான் முதல்ல பாப்பாவ. பாத்தா சாவி போவும். சாவி போனா எனக்க யாவாரம் போவும். கருவாட்டு மூட்டைய எந்த பஸ்சுல ஏத்துகான்? நான் மறுபடி தலச்சுமடுதான்."

"பேசாம போ. எனக்க கையில வந்த சக்கரம் மறுபடி உரிஞ்சதா எவனாவது சொல்லட்டும்."

"ஒங்க கையி இல்ல அண்ணே. ஒங்க நாக்குண்ணுல்லா ஊருல சொல்லுதாவ" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நான் பழைய பூச்சை உரித்து, தேய்த்து, சக்கரங்களை வரிசையாக வைத்தேன். மூன்றை ஓடைத் தண்ணீரில் அலசினேன். கேன் காலியாகிவிட்டது. நாலாவது சக்கரம், மருந்தைக் கழுவ ஊற்றிய கிணற்று உவர்த் தண்ணீரோடு நின்றது. நான் இன்னொரு கேன் இருக்கிறதா என்று தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புவதற்குள் நாக்கண்ணன் வரிசையாக நக்கி முடித்திருந்தார். நாலாவது சக்கரத்தில் வாயை வைத்தபடியே, "தேன் மாதிரி இருக்கு மக்கா. நாளைக்கு வர்ணம் அடிச்சிருவோம்" என்றார்.

அவசரத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்து சாயா போட்டேன். கொட்டகையில் உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே மாதிரி. கை மாறிவிட்டது. நான் ஒரு வாய் வைத்து அப்படியே ரோட்டில் துப்பினேன். திரும்பிப் பார்த்தால், நாக்கண்ணன் கிளாசைக் காலி செய்துவிட்டு நீட்டுகிறார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

காய்ச்சல் அந்த நாக்கைக் கொண்டுபோயிருந்தது. ஊர் ஊராகப் போனவனுக்கு ஒரு வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். நாக்கண்ணனுக்கு வேறென்ன இருக்கிறது? வீடு இல்லை, குடும்பம் இல்லை, பெயர்கூட நாக்கு கொடுத்ததுதான். என் நாக்கோ பீடியும் புகையிலையும் தின்று தீர்த்தது. அதை வைத்து உப்பளத்தையே கண்டுபிடிக்க முடியாது.

மறுநாள் அவர் வர்ணத்தைக் கலக்கத் தொடங்கினார். நான் போய் கம்ப்ரசரின் பிளக்கை உருவிவிட்டு, "ஓட மாட்டேங்குது அண்ணே" என்றேன். அவர் கம்ப்ரசரைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பிரகாசியக்கா, சந்தைக்குப் போகிற வழியில் சும்மா பார்க்க வந்தாள். வரிசையாக இருந்த சக்கரங்களை விரலால் தட்டிக்கொண்டே போனவள் நாலாவதில் நின்றாள். குழிக்குள் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். கருவாட்டுக்காரிக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

"அண்ணே, இதுல உப்பு கெடக்கே."

நாக்கண்ணன் நிமிர்ந்தார்.

"அது எனக்கு தெரியும். ஒனக்கு தெரியுமாண்ணு பாத்தேன்."

அக்கா சிரிக்கவில்லை. மற்ற மூன்றையும் சுரண்டிப் பார்த்தாள். அவை சுத்தம். மடியிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்து நீட்டினாள். "இத தின்னுங்க."

அவர் மென்றார். நானும் அக்காவும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு மென்றார். தென்னைமட்டையை மென்றாலும் முகத்தில் அதைவிட ஏதாவது தெரிந்திருக்கும்.

"காய்ச்சலுக்கு பொறவு எனக்க அப்பாவுக்கும் இப்பிடித்தான் இருந்துது" என்றாள் அக்கா, மெல்ல. "மீன் கொழம்ப வெந்நிண்ணு குடிச்சாரு. சொல்லப்பிடாதா அண்ணே? உப்ப உள்ள வச்சு பூசப்பிடாதுண்ணு ஊருக்கெல்லாம் சொல்லுவியளே."

நாக்கண்ணன் மென்றதை விழுங்கினார். பிறகு, "வருமா?" என்று கேட்டார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"அப்பாவுக்கு வந்துது. வராட்டி இப்போ என்ன? எனக்கு சக்கரம் ஆவணும். ஒங்களுக்கு நாக்கு ஆவணும். நான் தெனமும் சந்தைக்கு இந்த வழிதான போறேன்?"

அன்றிலிருந்து கொட்டகையில் ஒரு நாடகம் நடந்தது. நாக்கண்ணன் நக்குவதைப் பார்க்கவே வருகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் முன்னால் சக்கரத்தைத் தூக்கி, கண்ணை மூடி, வழக்கத்தைவிட நீளமாக நக்குவார். அதற்கு முன்பே அக்கா சுரண்டிப் பார்த்திருப்பாள். கருவாட்டு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிற அவள், முந்தானையை இடுப்பில் செருகினால் உப்பு. தோளில் போட்டால் சுத்தம். நாக்கண்ணன் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். ஒருமுறை காற்றில் அவள் முந்தானை தானாகவே பறந்தது. "உப்பு கெடக்கு... இல்ல, இல்ல... சுத்தம்... இரி, இரி" என்று அவர் தடுமாறியதைப் பார்த்த ஒருவர், "இந்தச் சக்கரம் ரொம்ப நுணுக்கம் போல" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

அந்த நாட்களில் நாக்கண்ணன் எல்லாவற்றையும் சாப்பிட்டார். காவல் காக்க நாக்கு இல்லையே. மீன் குழம்பு, மாங்காய் ஊறுகாய், கொதிக்கக் கொதிக்கச் சாயா. வாழ்நாள் முழுவதும் விலக்கி வைத்ததை எல்லாம், ருசி போன பிறகு ஒவ்வொன்றாகத் தின்றார். கண்ணில் நீர் வரும். காரம் எரிச்சலாகத் தெரியும், ருசியாகத் தெரியாது. "இதுக்காடே எல்லாரும் அடிச்சுக்கிடுதாவ?" என்பார். பசித்து அலைந்த காலத்தில் எனக்குச் சோறு இல்லை, ருசி இருந்தது. இவருக்கு முன்னால் சோறு இருக்கிறது. எது மோசம் என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். இன்னும் முடிவாகவில்லை.

நாலாவது சக்கரத்தை அக்கா மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். நான் கீரிப்பாறைக்குப் போய்ப் போய் வந்தேன். காவலாளி என்னைக் கண்டதும், "காருக்கு தாகமா?" என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டோம். கடைசியில் அக்காவின் முந்தானை தோளில் ஏறியது. நாக்கண்ணன் வர்ணம் அடித்தார். கிளியர் காய்ந்தபோது சக்கரத்தில் தென்னை ஓலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

சவுதிக்காரர் வந்த கதையை அக்கா வந்து சொன்னாள். காரைச் சுற்றி வந்தாராம். குந்தி உட்கார்ந்து சக்கரங்களைத் தடவிப் பார்த்தாராம். "வச்சிட்டு போன மாதிரியே இருக்கு" என்று சந்தோஷமாகக் கதவைத் திறந்தாராம். சாம்பிராணி வந்ததாம். மல்லிப்பூ வந்ததாம். அதன் பின்னாலேயே நெத்திலியும் வந்ததாம்.

"என்ன சொன்னாவ?" என்றார் நாக்கண்ணன்.

"கதவ பிடிச்சிட்டு நிண்ணாவ. பொறவு, 'ஏட்டி, சந்தை எத்தன மணிக்கு?'ண்ணு கேட்டாவ. இந்த லீவு முச்சூடும் அவியதான் ஓட்டுதாவ. மூட்டை ஏத்தினா சக்கரத்துல வெள்ளம் தெறிக்குண்ணு மெதுவா ஓட்டுதாவ. அதுதான் ஒரு எடஞ்சல்."

இனி நாக்கண்ணனின் நாக்கு.

டப்பா மாறிய அந்த நாளிலிருந்தே நான் அவருக்குத் தினமும் காலைச் சாயாவில் உப்பைத்தான் போட்டேன். கெட்ட எண்ணம் கிடையாது. வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று ஒரு மனிதரிடம் தினமும் எப்படிக் கேட்பது? சாயாவைக் கேட்கவிட்டேன். அவர் குடித்துவிட்டு கிளாசை வைப்பார். நான் அதைக் கழுவுவேன். அவ்வளவுதான். வர வர அந்தக் கிளாசைக் கழுவுவது எனக்குப் பிடிக்காமல் போனது.

கிறிஸ்மஸ் கழிந்து பனி குறைந்த ஒரு காலை. சாயாவைக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார். கிளாஸ் உதட்டிலேயே நின்றது. நான் உப்புத்தாளை எடுத்து, தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சக்கரத்தைத் தேய்க்கத் தொடங்கினேன். துப்பப் போகிறார், ஏசப் போகிறார், கிளாஸ் பறந்து வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவர் குடித்துக்கொண்டிருந்தார். வாய் வாயாக, நிறுத்தி நிறுத்தி, கல்யாண வீட்டுப் பாயசம் குடிக்கிற மாதிரி. அடியில் கிடந்ததையும் கிளாசைச் சுழற்றிக் குடித்தார். பிறகு அதை என் பக்கத்தில் வைத்தார்.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு மக்கா" என்றார். "நாளையிலேருந்து கொறச்சுக்கோ."

ஈர்க்கில் பிளக்கப் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே எனக்குக் கால் அரித்தது. நான் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ கடையில் சாயா குடித்திருக்கிறேன். எந்தக் கடையிலும் சாயா சரியில்லை என்று நான் இதுவரை சொன்னதில்லை.